13 கோடி ரூபாய்க் கைத்துப்பாக்கி: பழைய ஆயுதத்தின் விலை எங்கிருந்து வருகிறது?

2025 அக்டோபரில் லண்டன் சோத்பீஸ் ஏலத்தில், திப்பு சுல்தானுக்காகச் செய்யப்பட்ட வெள்ளிப்பூண் போட்ட ஒரு ஜோடிக் கைத்துப்பாக்கி சுமார் 11 லட்சம் பவுண்டுக்குப் போனது. நம் பணத்தில் ஏறக்குறைய 13 கோடி ரூபாய். அதற்கு முன், 2019 மார்ச்சில், திப்புவினுடையதென்று அடையாளம் காணப்பட்ட ஒரு நீள்துப்பாக்கி இங்கிலாந்தில் 60,000 பவுண்டுக்கு விற்றது. 2023இல் வேறொரு திப்பு துப்பாக்கிக்கு 20 லட்சம் பவுண்டு மதிப்பிட்டு, அது நாட்டை விட்டுப் போகாதபடி பிரிட்டிஷ் அரசு தற்காலிகத் தடை போட்டது.

ஒரே அரசன், ஒரே காலம். விலையோ முப்பது மடங்குக்கு மேல் ஏறி இறங்குகிறது. இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் பரணில் துருப்பிடித்த துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஆசை பிறக்கிறது. மற்றவர்களுக்குச் சந்தேகம் பிறக்கிறது. இருவருக்கும் முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: இந்தச் சந்தையில் வயதுக்கென்று தனி விலை கிடையாது. இந்தப் பொருள் இன்ன காலத்தில், இன்ன ஊரில், இன்னாரால், இன்னாருக்காகச் செய்யப்பட்டது, பிறகு யாரும் அதை மாற்றவில்லை என்பதை எவ்வளவு தூரம் நிரூபிக்க முடிகிறதோ அவ்வளவுக்குத்தான் விலை.

## அடிப்படை: தீ எப்படிப் பற்றியது?

பழைய கைத்துப்பாக்கியின் உறுப்புகள் சில பெயர்களுக்குள் அடங்கிவிடும். குண்டு வெளியேறும் இரும்புக் குழல். அதைத் தாங்கும் மரக்கட்டை. விரல் இழுக்கும் விசை. விசையை இழுத்ததும் பாய்ந்து விழும் குதிரை. குழலின் பக்கத்துத் துளைக்கு வெளியே கொஞ்சம் வெடிமருந்து வைக்கும் சிறு கிண்ணம். குதிரையும் கிண்ணமும் அவற்றை இயக்கும் வில்களும் பொருந்திய பக்கவாட்டுத் தகட்டை, உறுப்புகளோடு சேர்த்து, சேகரிப்பாளர்கள் ‘லாக்’ என்பார்கள். கைக்கு வந்த துப்பாக்கியில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

1. மேட்ச்லாக். எரியும் திரியைக் கிண்ணத்து மருந்தில் தொட வைப்பது. திரி எப்போதும் கனன்றுகொண்டே இருக்க வேண்டும் என்பதால் இடுப்பில் செருகவோ சேணத்தில் மாட்டவோ தோதுப்படாது. ஜப்பானில் திரி வைத்த கைத்துப்பாக்கிகள் உண்டு. ஐரோப்பாவில் கைத்துப்பாக்கி என்ற வகையே அடுத்த கண்டுபிடிப்புக்குப் பிறகுதான் தலையெடுத்தது.

2. வீல்லாக். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. விளிம்பில் பல் வெட்டிய எஃகுச் சக்கரத்தைச் சாவி போட்டு முறுக்கி வைப்பார்கள். விசையை இழுத்ததும் வலுவான வில் சக்கரத்தைச் சுழற்றும். அதன் மேல் அழுந்தியிருக்கும் இரும்புக் கந்தகக் கல் பொறி கக்கும். திரி வேண்டாம், ஆகவே உடைக்குள் மறைக்கலாம். மறைக்கலாம் என்பதே பயமாகிவிட்டது: புனித ரோமானியப் பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் 1517இல் தன் ஆட்சிப் பகுதிகளில் இதற்குத் தடை போட்டார். முப்பதுக்கும் மேற்பட்ட நுண்ணிய உறுப்புகள் கொண்டது. பூட்டுத் தொழிலாளியும் கடிகாரத் தொழிலாளியும் செய்கிற வேலை. விலை அதிகம். ஆகவே பிரபுக்கள் கையிலும் குதிரைப்படை இடுப்பிலும்தான் பெரும்பாலும் இருந்தது.

3. ஸ்னாஃபான்ஸ், ஃபிளிண்ட்லாக். குதிரையின் வாயில் சக்கிமுக்கிக் கல். அது எஃகுத் தகட்டில் உரசிப் பொறி விழும். ஸ்னாஃபான்ஸில் எஃகுத் தகடு வேறு, கிண்ணத்தின் மூடி வேறு. இரண்டையும் ஒரே துண்டாக்கியது ஃபிளிண்ட்லாக். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் இது உருவானது. லிசியே நகரத்து மாரென் லெ பூர்ஷ்வாவின் பெயரைப் பொதுவாகச் சொல்வார்கள். அதன் பிறகு இருநூறு ஆண்டுகளுக்கு உலகம் முழுக்க இதுதான்.

4. கேப்பு முறை. ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807இல் அடித்தால் வெடிக்கும் ரசாயனத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1820களில் அது செம்புக் கேப்பாகச் சுருங்கியது. தீபாவளித் துப்பாக்கியில் நாம் வைத்துச் சுட்ட கேப்பின் மூதாதை என்று வைத்துக்கொள்ளலாம். கல்லுக்கும் கிண்ணத்துக்கும் வேலை போயிற்று.

‘ஆரம்பகாலக் கைத்துப்பாக்கி’ என்று சேகரிப்பாளர் சொன்னால் பெரும்பாலும் இரண்டாவது வகையும் மூன்றாவதின் முற்பகுதியும்தான், அதாவது ஏறக்குறைய 1530 முதல் 1700 வரை. இவற்றின் உச்சிக்கு எடுத்துக்காட்டு நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது: பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்காக மியூனிக்கைச் சேர்ந்த பீட்டர் பெக் 1540 முதல் 1545க்குள் செய்த இரட்டைக்குழல் வீல்லாக். இரண்டு குழலுக்கும் தனித்தனி லாக், கட்டையில் கலைமான் கொம்பு பதிப்பு, பேரரசரின் சின்னங்களான இருதலைக் கழுகும் ஹெர்குலிஸ் தூண்களும். பெக் கடிகாரத் தொழிலாளியும்கூட. இத்தகையவை அநேகமாக அருங்காட்சியகங்களுக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. சந்தைக்கு வருபவை ஜெர்மனியின் நியூரம்பர்க், சாக்சனி, சூல் பக்கத்துக் குதிரைப்படைத் துப்பாக்கிகள். எப்போதாவது பிடியின் நுனியில் உருண்டை வைத்த சாக்சனிக் காவற்படைத் துப்பாக்கி.

## லாக் சொல்வது பாதிதான்

லாக்கைப் பார்த்து, ‘ஃபிளிண்ட்லாக், அப்படியென்றால் 1700களுடையது’ என்று முடிவு கட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. ஒரு முறை வந்தது என்பதற்கும் பழைய முறை நின்றது என்பதற்கும் நடுவே நூறு வருடம்கூட இருக்கும். பெல்ஜியத்தின் லியேஜ் நகரம் ஆப்பிரிக்க வணிகத்துக்காக ஃபிளிண்ட்லாக்குகளை 19ஆம் நூற்றாண்டு முழுக்கச் செய்து தள்ளியது. 20ஆம் நூற்றாண்டிலும் நிறுத்தவில்லை.

ஸ்காட்லாந்துக் கைத்துப்பாக்கி இன்னும் நல்ல பாடம். கட்டை உட்பட முழுக்க உலோகம், விசைக்குக் காப்பு வளையம் கிடையாது, பிடி ஆட்டுக்கொம்பு போல இருபுறமும் சுருண்டிருக்கும், இடுப்பில் மாட்ட ஒரு கொக்கி. டூன் என்ற சிற்றூரில் 1646இல் தாமஸ் கேடல் தொடங்கிவைத்த தொழில் இதற்குப் பேர்போனது. ஆனால் 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது மலைநாட்டு உடை திடீரென்று மவுசாகிவிட்டது. உடையோடு சேர்த்து அணிந்துகொள்ளவென்றே இதே வடிவில் துப்பாக்கிகள் அதன் பின் ஏராளமாக வந்தன. பல பர்மிங்ஹாமில் செய்தவை. வடிவம் ஒன்றேதான். டூனில் செய்து கையொப்பமிட்ட 18ஆம் நூற்றாண்டுப் பொருளுக்கும் உடை அலங்காரத்துக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ஆகவே லாக்கின் வகையைக் கண்டதும் அதன் வடிவ நுணுக்கங்களுக்குப் போக வேண்டும். ஆங்கிலேய ஃபிளிண்ட்லாக்குகளில் 18ஆம் நூற்றாண்டின் முற்பாதித் தகடு வாழைப்பழம் போலக் கீழ்நோக்கி வளைந்திருக்கும், பிற்பாதியில் நேராகிறது. எஃகுத் தகட்டின் வில்லில் சிறு உருளை, மழைநீர் இறங்காத கிண்ணம், துருவுக்குத் தப்பத் தங்கத்தாலோ பிளாட்டினத்தாலோ ஓரம் கட்டிய தீத்துளை ஆகியவை இருந்தால் 1780களுக்குப் பிந்தைய உயர்தர வேலை என்று ஊகிக்கலாம். பீரங்கி வடிவக் குழலைத் திருகிக் கழற்றி மருந்து போடும் ‘குயீன் ஆன்’ வகையோ அந்த அரசி காலமான பிறகும் பல பத்தாண்டுகள் செய்யப்பட்டது. பெயரைப் பார்த்து ஆண்டு போடக் கூடாது.

## முத்திரைகள்: யார், எங்கே, எப்போது

குழல் வெடித்தால் சுடுபவன் கை போகும். அதனால்தான் பல நகரங்கள் குழலைச் சோதித்து முத்திரை குத்தின. இன்று காலத்தையும் ஊரையும் கண்டுபிடிக்க அந்த முத்திரைகளே பெரிய துணை.

- நியூரம்பர்க் குழல்களில் ‘என்’ எழுத்து முத்திரை, ஆக்ஸ்பர்கில் பைன் மரக் காய், சூலில் ஊர்ப்பெயரே.
- லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்துக்கு 1637இல் அரச சாசனம் கிடைத்தது. மகுடத்தின் கீழ் ‘ஜிபி’, மகுடத்தின் கீழ் ‘வி’ ஆகியவை அதன் அடையாளம்.
- பர்மிங்ஹாம் சோதனை நிலையம் 1813இல் சட்டத்தால் அமைந்தது. அதன் முத்திரை குத்திய குழல், அந்த ஆண்டுக்குப் பிறகு ஒருமுறையாவது அங்கே போய்வந்திருக்கிறது.
- லியேஜின் முட்டை வடிவ ‘இஎல்ஜி’ முத்திரைக்கு மேல் மகுடம் இருந்தால் 1893க்குப் பிந்தையது.
- கிழக்கிந்தியக் கம்பெனி ஆயுதங்களில் இதய வடிவத்துக்குள் எழுத்துகள் இருந்தால் பழையது. சுமார் 1808 முதல் பின்னங்காலில் நிற்கும் சிங்கம்.
- ஆங்கிலேயத் துப்பாக்கியின் வெள்ளிப் பூணில் வெள்ளிக்கான ஹால்மார்க் இருந்தால் அதன் ஆண்டெழுத்து, செய்த ஆண்டையே சொல்லிவிடும். இதைவிடச் சுலபமான சான்று கிடையாது.

முத்திரையைவிடக் கையொப்பத்துக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. வட இத்தாலியின் பிரெஷா பகுதியில் கொமினாட்சோ குடும்பம் செய்த மெல்லிய, எடை குறைந்த குழல்களுக்கு 17ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பா முழுக்கப் பெயர். விளைவு, ‘லாசரினோ கொமினாட்சோ’ என்ற பெயரை யார் யாரோ தங்கள் குழலில் வெட்டிக்கொண்டார்கள், எழுத்துப்பிழையோடும் வெட்டினார்கள். இவை பழைய போலிகள். முந்நூறு வயதான போலி. வயது உண்மை, பெயர் பொய். அதற்கும் ஒரு விலை உண்டு, ஆனால் கொமினாட்சோ விலை அல்ல.

புதுப் போலிகளில் நம் பக்கத்தில் அதிகம் நடமாடுவது, ஆப்கானிஸ்தான், கைபர் கடைத்தெருக்களில் உருவான கம்பெனி லாக்குகள். மகுடத்தின் கோடு தடித்திருக்கும், சிங்கம் பூனையாகியிருக்கும், ஆண்டும் முத்திரையும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

## திப்புவின் ஆயுதம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

அலங்காரமே கையொப்பமான அபூர்வ இடம் மைசூர் பட்டறை. திப்பு தன் ஆட்சியின் பொருள்கள் எல்லாவற்றிலும் புலியைப் பதித்தார்: வரிவரியான ‘பாப்ரி’ கோலம், புலித்தலையாக வார்த்த குதிரை, குழலின் வாயில் புலிமுகம். இவற்றோடு ‘ஹைதர்’ என்ற பெயரின் எழுத்துகளைக் கட்டத்துக்குள் அடைத்த சிறு முத்திரை, செய்தவன் பெயர், ஊர், ஆண்டு. 2023இல் தடைக்கு உள்ளான துப்பாக்கியில் ஆசாத் கான் முகம்மது என்பவரின் பெயரும், 1793-94க்கு இணையான ஆண்டும் தெரிந்திருந்தன.

ஆண்டுக் கணக்குதான் சுவையான இடம். ஆட்சியின் முதல் ஆண்டுகளில் திப்பு வழக்கமான இஸ்லாமிய ஆண்டுக் கணக்கான ஹிஜ்ரியைப் பயன்படுத்தினார். 1787 வாக்கில் நபிகள் பிறப்பிலிருந்து எண்ணும் ‘மௌலூதி’ கணக்குக்கு மாறினார். ஹிஜ்ரி 1201 நடந்துகொண்டிருந்தபோது மௌலூதி 1215 வந்துவிட்டது. மௌலூதி ஆண்டோடு 572ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும்: 1224 என்றால் 1796. இன்னொரு திருகலும் உண்டு. பாரசீக எழுத்து வலமிருந்து இடம் போனாலும் எண்களை இடமிருந்து வலமாகத்தான் எழுதுவார்கள். திப்புவின் நாணயங்களிலோ மௌலூதி ஆண்டின் இலக்கங்களும் வலமிருந்து தொடங்கும். 1224 என்பது நம் கண்ணுக்கு 4221 போலத் தெரியும். இது தெரியாமல் ஹிஜ்ரி என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததற்குப் பிந்தைய ஆண்டு வரும்; நல்ல பொருளையே போலி என்று தள்ளிவிட நேரும். எந்த முறையில் படித்தாலும் கணக்கு இடிக்கிற ஆண்டு இருந்தால், அப்போது போலியென்று சந்தேகிக்கலாம்.

ஜோடி விஷயத்துக்கு வருவோம். ஐரோப்பாவில் ஜோடிக் கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் இரண்டுமே வலப்பக்க லாக்தான். மைசூர் ஜோடிகளில் ஒன்றுக்கு வலப்பக்கமும் மற்றதற்கு இடப்பக்கமும் லாக் வைத்தார்கள்; எதிரெதிரே வைத்தால் கண்ணாடிப் பிம்பம். அப்படியானால் ஒன்று தொலைந்துவிட்டால் வேறொன்றைத் தேடிச் சேர்த்து ஜோடியாக்குவது ஏறக்குறைய முடியாத காரியம். இருநூறு ஆண்டு பிரியாமல் வந்த ஜோடிக்கு ஏன் அவ்வளவு விலை என்பது இங்கே பாதி விளங்கும்.

சாதாரணத் துப்பாக்கியில் புலிவரி வெட்டி, திப்புவினுடையது என்று விற்பதும் நடக்கிறது. வரி மட்டும் போதாது. வரி, முத்திரை, ஆண்டு, ஊர், லாக்கின் உள்வேலை எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

## விலையைத் தின்னும் மாற்றங்கள்

அடையாளம் உறுதியான பிறகும் விலை உறுதியாகாது. இடைப்பட்ட காலத்தில் பொருளுக்கு என்ன செய்தார்கள் என்ற கேள்வியில்தான் பெரும்பணம் கரைகிறது.

1. கல்லிலிருந்து கேப்புக்கு. 1820களுக்குப் பின் உரிமையாளர்கள் ஃபிளிண்ட்லாக்குகளை ஆயிரக்கணக்கில் கேப்பு முறைக்கு மாற்றினார்கள். கிண்ணத்தையும் எஃகுத் தகட்டையும் கழற்றி எறிந்து, தீத்துளையில் கேப்பு மாட்டும் முனையைத் திருகி, குதிரையை மாற்றினால் வேலை முடிந்தது. இது மோசடியல்ல, அந்தக் காலத்து மேம்பாடு. ஆனாலும் மாற்றப்படாத துப்பாக்கியைவிட விலை நன்றாகக் குறையும்.

2. கேப்பிலிருந்து மறுபடி கல்லுக்கு. மேலே சொன்ன விலை வித்தியாசத்தைப் பார்த்து, பின்னாளில் மீண்டும் பழையபடி ஆக்கப்பட்டவை. அறிவித்து விற்றால் பழுதில்லை, மறைத்தால் மோசடி. கண்டுபிடிக்கச் சில வழிகள்: உண்மையான ஃபிளிண்ட்லாக்கில் ஒவ்வொரு முறை சுடும்போதும் கிண்ணத்தில் எழுந்த தீ, தீத்துளையைச் சுற்றிக் குழலையும் தகட்டையும் அரித்திருக்கும். அந்த அரிப்பு குழலில் இருக்க, கிண்ணத்தில் மட்டும் இல்லையென்றால், கிண்ணம் புதிது. லாக்கைக் கழற்றி உட்புறம் பார்த்தால் அடைத்த ஓட்டைகள் வட்ட வட்டமாகத் தெரியும். திருகாணிகளின் மறை நவீன அளவில் இருந்தால் கேள்வியே வேண்டாம்.

அறிவித்துத் திரும்பக் கல்லாக்கினால் பழுதில்லை என்ற விதிக்கும் விலக்கு உண்டு. 1804இல் அமெரிக்காவில் அரசியல் தலைவர் அலெக்சாண்டர் ஹாமில்டன் துணை அதிபர் ஆரன் பர்ரோடு மோதி மாண்ட சண்டையில் பயன்பட்ட லண்டன் ‘வோக்டன் அண்ட் பார்ட்டன்’ ஜோடியில் ஒன்று பின்னாளில் கேப்புக்கு மாற்றப்பட்டது. அதைத் திரும்பக் கல்லாக்குவது, நடந்த சரித்திரத்தைச் சுரண்டி எடுப்பதாகத்தான் இருக்கும்.

3. ஒட்டுச் சேர்க்கை. ஒன்றின் குழல், மற்றதன் லாக், மூன்றாவதின் கட்டை. எல்லாமே பழையவை என்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. லாக்கைக் கழற்றி, கட்டையில் அதற்காகத் தோண்டிய பள்ளத்தைப் பாருங்கள். தொடக்கத்திலிருந்தே சேர்ந்திருந்தால் இரும்பின் ஓரமும் மரத்தின் ஓரமும் இறுகப் பொருந்தும். ஒவ்வொரு உள்ளுறுப்புக்கும் தனிக் குழி இருக்கும். தேவையில்லாத குழியோ நிரப்பிய மரத்துண்டோ இருந்தால், வேறு வீட்டுப் பொருள்.

4. பாலிஷ். நம் ஊரில் அதிகமான சேதம் இதனால்தான் நேர்கிறது. குழலின் பழுப்பும் கருநீலமும் அழுக்கென்று நினைத்து உப்புத்தாளால் தேய்த்துப் பளபளக்க வைத்துவிடுகிறார்கள். பித்தளைப் பூணுக்குப் புளி போட்டு விளக்கிவிடுகிறார்கள். முத்திரைகளின் விளிம்பு மழுங்கும், வெட்டுவேலை ஆழமிழக்கும், மரத்தின் முனைகள் உருண்டுபோகும். துருவை நிறுத்தலாம், உடைந்ததைப் பாதுகாக்கலாம். தேய்ந்துபோன உலோகத்தை யாராலும் திரும்ப வைக்க முடியாது. ஆகவே கழுவாமல், தேய்க்காமல், மெழுகு பூசாமல் வைத்திருக்கும் அழுக்குத் துப்பாக்கியே மதிப்பீட்டாளருக்குப் பிடித்தது.

5. அலங்காரப் பிரதி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியச் செல்வந்தர்கள் தங்கள் மாளிகைச் சுவரில் மாட்ட வீல்லாக் கேட்டார்கள். ஜெர்மானியப் பட்டறைகள் செய்து கொடுத்தன. அவற்றுக்கும் இப்போது நூற்றைம்பது வயதாகிவிட்டது! அசலின் லாக் உள்ளே கையால் அரம் போட்ட தடம் இருக்கும். சக்கரத்தின் பல் தேய்ந்திருக்கும். பிரதியிலோ பயன்பாட்டுத் தேய்மானம் வரவேண்டிய இடத்தில் வராமல், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் வந்திருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர ஆயுதசாலையைவிட நல்ல இடமில்லை. 17ஆம் நூற்றாண்டுப் படைத் துப்பாக்கிகள் அங்கே வரிசை வரிசையாக, அந்தக் காலத்திலேயே கட்டிய கட்டடத்தில் இருக்கின்றன.

## கைமாறிய கதைக்கு என்ன விலை?

பொருள் இன்னாரிடம் இருந்தது என்பதற்கான தொடர் ஆவணத்தைத்தான் ஏல நிறுவனங்கள் பக்கம் பக்கமாக அச்சிடுகின்றன. காரணம் எளிது: கைவினைக்குக் கிடைக்கும் விலைக்கு ஒரு வரம்பு உண்டு, மனிதர்களின் பெயருக்கு அந்த வரம்பு இல்லை.

பிரெஞ்சுத் தளபதி லாஃபயட் பிரபு ஜார்ஜ் வாஷிங்டனுக்குக் கொடுத்த, பின்னர் இன்னொரு அமெரிக்க அதிபரான ஆண்ட்ரூ ஜாக்சனிடம் போய்ச் சேர்ந்த சேணக் கைத்துப்பாக்கி ஜோடி 2002இல் நியூயார்க் கிறிஸ்டீஸில் 19.86 லட்சம் டாலருக்கு விற்றது. தென்னமெரிக்க விடுதலைத் தலைவர் சைமன் பொலிவாருக்கு அதே லாஃபயட் அனுப்பிய, வெர்சாய் துப்பாக்கித் தொழிலாளி பூத்தே செய்த ஜோடி 2004இல் ஏறக்குறைய 16.9 லட்சம் டாலர். 1814இல் அரியணை துறந்த நெப்போலியன் தற்கொலைக்கு எடுத்ததாகச் சொல்லப்படும் கைத்துப்பாக்கிகள் அவருடைய தளபதி கோலென்கூர் குடும்பத்தின் வழியாக வந்து, 2024 ஜூலையில் பிரான்சின் ஃபோந்தென்புளோவில் 16.9 லட்சம் யூரோவுக்குப் போயின. இவை மூன்றிலும் யார் கையிலிருந்து யார் கைக்கு என்ற சங்கிலி அறுபடவில்லை.

சங்கிலி பலவீனமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு எடுத்துக்காட்டு, ஓவியர் வான்கோ தன்னைச் சுட்டுக்கொண்டதாகக் கருதப்படும் ரிவால்வர். அவர் இறந்த ஊரின் வயலில் 1960களில் கிடைத்த துருப்பிடித்த துண்டு. வகை பொருந்துகிறது, மண்ணில் கிடந்த காலம் பொருந்துகிறது, ஆனால் இதுவேதான் என்று நிரூபிக்க வழியில்லை. ‘இருக்கலாம்’ என்ற அந்தச் சொல்லுக்கே 2019இல் 1,62,500 யூரோ கிடைத்தது. நிரூபணம் இருந்திருந்தால் எங்கே போயிருக்கும் என்பதை வாசகர் ஊகத்துக்கு விடலாம்.

2019 திப்பு துப்பாக்கிக்கும் நல்ல சங்கிலி இருந்தது: கம்பெனி அதிகாரியான மேஜர் தாமஸ் ஹார்ட் வழிக் குடும்பம், அவர்கள் வீட்டுப் பரண். இருந்தும் விலை 60,000 பவுண்டில் நின்றது. ஆக, வரலாறு மட்டும் போதாது. வகை, வேலைப்பாடு, நிலைமை, எந்த மேடையில் விற்கிறார்கள், பொருளைத் திருப்பிக் கேட்டு எழும் குரல் வாங்குபவரைத் தயங்க வைக்கிறதா என எல்லாமே கணக்கில் வரும். அந்த ஏலத்தை நிறுத்தி ஆயுதங்களை இந்தியாவுக்குத் தர வேண்டும் என்று கோரிக்கை எழுந்தது நினைவிருக்கலாம்.

## மதிப்பீட்டாளர் தொகையை எப்படி எட்டுகிறார்?

சூத்திரம் கிடையாது, வரிசை உண்டு. முதலில் அதே பட்டறை, அதே வகையில் முன்பு விற்றவற்றைத் தேடுவார். பிறகு நிலைமை, மாற்றங்கள், ஜோடியா ஒற்றையா, பெட்டியும் சாவியும் மருந்துக் குடுவையும் உடன் இருக்கின்றனவா என்று பார்த்துக் கூட்டிக் கழிப்பார். கடைசியில் வரலாறு. ஜோடியின் விலை ஒற்றையின் விலையைப்போல இரு மடங்கில் நிற்பதில்லை. அதற்கு மேலே போகும்.

செய்தியில் வரும் எண்ணைப் படிக்கும்போது மூன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஏலத்துக்கு முன் சொல்வது எதிர்பார்ப்பு விலை. சுத்தியல் விழும்போது நிற்பது சுத்தியல் விலை. பத்திரிகையில் அச்சாவது பெரும்பாலும் அதோடு வாங்குபவர் நிறுவனத்துக்குத் தரும் கூடுதல் கட்டணமும் சேர்ந்தது. விற்பவர் கைக்கு வருவது சுத்தியல் விலையிலிருந்து தன் பங்குக் கட்டணம் போன மிச்சம். காப்பீட்டுக்காக எழுதும் மதிப்பு வேறு. அது திரும்ப வாங்க ஆகும் செலவு என்பதால் எப்போதும் உயரத்தில் இருக்கும். அந்தத் தாளைக் காட்டி அதே தொகைக்கு விற்க முடியாது.

அரசுத் தடையும் விலையைத் தொடும். நெப்போலியன் ஜோடியைப் பிரான்ஸ் தேசியப் பொக்கிஷம் என்று அறிவித்து ஏற்றுமதியைத் தடுத்தது. பிரிட்டன் திப்பு துப்பாக்கிக்குப் போட்டது, உள்நாட்டில் யாராவது அந்த விலைக்கு வாங்க முன்வருவார்களா என்று பார்க்கும் அவகாசத் தடை.

## இந்தியாவில் கையில் வைத்திருப்பவருக்கு

தமிழ்நாட்டுப் பழைய வீடுகளில் கிடைப்பவற்றில் அநேகமானவை கம்பெனிப் படைத் துப்பாக்கிகளும் உள்ளூர்க் கொல்லர் வேலையும்தான். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் கோட்டை அருங்காட்சியகத்திலும் உள்ள ஆயுதங்களோடு ஒப்பிட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

1. உள்ளே மருந்து இருக்கிறது என்றே எண்ணி நடந்துகொள்ளுங்கள். முன்வாய் வழியே கெட்டித்து அப்படியே மாட்டிவைத்த துப்பாக்கிகள் பல. கருமருந்து ஈரம்படாமல் இருந்தால் நூறாண்டு கழிந்தும் வெடிக்கும். சூடு காட்டாதீர்கள், குதிரையை இழுத்துப் பார்க்காதீர்கள். விஷயம் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

2. படம் எடுங்கள்: இரு பக்கமும், லாக்கின் நெருக்கம், குழலின் மேற்புறம், ஒவ்வொரு முத்திரையும் அளவுகோலோடு. கழற்றுவதை அனுபவசாலிக்கு விடுங்கள். பொருந்தாத திருப்புளியால் திருகாணியின் தலையைக் கடித்து வைப்பது, மேலே சொன்ன சேதப் பட்டியலில் சேர்க்க மறந்த ஆறாவது.

3. தாத்தா சொன்ன கதையைத் தேதியோடு எழுதி வையுங்கள். அதோடு பழைய உரிமம், கடிதம், புகைப்படம் எதையும் பொருளிலிருந்து பிரிக்காதீர்கள்.

4. ‘நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, லைசென்ஸ் வேண்டாம்’ என்பது ஆபத்தான நம்பிக்கை. அமெரிக்காவில் 1898 வரை செய்யப்பட்டவற்றுக்குக் கூட்டாட்சிச் சட்டம் விலக்குத் தருகிறது; அதைப் படித்துவிட்டு இங்கே பொருத்தக் கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆவது பிரிவு, வழக்கொழிந்த அல்லது தொன்மையான அல்லது பழுதான ஆயுதத்துக்கு விலக்குத் தருகிறது. ஆனால், பழுதுபார்த்தோ பார்க்காமலோ சுடப் பயன்படுத்த முடியாததாக அது இருக்க வேண்டும். இயங்கும் நிலையில் உள்ள ஃபிளிண்ட்லாக் சுடும். அதனால் சேகரிப்பாளர் பெருமைப்படும் ‘லாக் அருமையாக வேலை செய்கிறது’ என்ற வாக்கியமே சட்டத்தின் முன் அவருக்கு எதிராக நிற்கலாம். விலக்குக்காக லாக்கை உடைப்பதும் மடமை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்திலோ உள்ள உரிமப் பிரிவில் எழுத்தில் கேட்பதே வழி.

5. நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். அவற்றை மத்திய அரசோ அது அதிகாரமளித்த அமைப்போ தவிர வேறு யாரும் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. லண்டன் ஏலத்தின் 13 கோடி, இங்கே பரணில் இருக்கும் பொருளுக்கு எட்டாத விலை. அதை வாங்கக்கூடியவர் இந்தியாவுக்குள் இருக்க வேண்டும், அவருக்கு விற்கும் தொல்பொருள் வணிகரிடம் உரிமம் இருக்க வேண்டும். மதிப்பீட்டாளரை அழைப்பதற்கு முன்பே இந்த இரண்டையும் விசாரித்துவிடுவது நல்லது.